குறியாக்கம் இருந்தும் பஃபர் ஓவர்ஃப்ளோ ஆபத்தா? அடையாளம் சரிபார்க்கப்படும் முன் நடப்பவை பற்றி ஒரு கேள்வி

கருவிக்காப்பாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தொலைவிலுள்ள அளவீட்டுக் கருவிகளிடமிருந்து தரவைப் பெறும் ஒரு சர்வர் நிரலைப் பராமரித்து வருகிறேன். எனக்கு முன்பிருந்தவர்கள் சி மொழியில் எழுதிய நிரல் அது. இணையத்தில் பொதுவாகப் பயன்படும் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறை இதில் இல்லை, சொந்த நெறிமுறை. இணைப்பு தொடங்கியதும் இரு பக்கமும் டிஃபி-ஹெல்மன் என்ற திறவுகோல் பரிமாற்ற முறையில் ஒரு தற்காலிகத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ளும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டு, இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஒரு முத்திரையோடு வரும். கருவி தன் சான்றிதழை அந்தக் குறியாக்கத்துக்குள்ளேயே காட்டித் தான் யாரென்று நிரூபிக்க வேண்டும்.

சென்ற வாரம் நடந்த தணிக்கையில், செய்தியின் நீளத்தைப் படிக்கும் இடத்தில் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவக இடத்துக்கு அப்பாலும் எழுதிவிடும் பிழை) இருப்பதாகக் குறிப்பிட்டு, உடனே திருத்த வேண்டிய வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. திறவுகோல் இல்லாத ஒருவர் எதை அனுப்பினாலும் அது சரிபார்ப்பில் தோற்றுவிடும் என்றும், குறியாக்கத்தின் வழியாக வரும் பைட்டுகள் சிதறிய எண்களாகவே நினைவகத்தில் விழும் என்பதால் தாக்குபவரால் தாம் விரும்பியதை எழுத முடியாது என்றும் மூத்தவர்கள் இருவர் உறுதியாகச் சொல்கிறார்கள். நினைவக முகவரிகளை மாற்றி வைக்கும் ஏஎஸ்எல்ஆரும், வழிதல் நடந்தால் காட்டிக்கொடுக்கும் காவல் மதிப்பான ஸ்டாக் கேனரியும் இயங்குவதால் மிஞ்சிப்போனால் நிரல் நின்றுபோகும், அவ்வளவுதான் என்பது அவர்களுடைய கணிப்பு. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லத் தெளிவான காரணமும் கையில் இல்லை.

நிரலின் அந்தப் பகுதி இப்படி இருக்கிறது. தலைப்பிலிருந்து 2 பைட் நீளத்தை எடுத்து, குறியுடைய (எதிர்ம மதிப்பையும் ஏற்கும்) 16 பிட் முழு எண்ணில் வைக்கிறோம். அது 4,096-ஐவிடப் பெரிதாக இருந்தால் இணைப்பைத் துண்டிக்கிறோம். இல்லையென்றால், அந்த நீளத்துடன் ஜிசிஎம் சரிபார்ப்பு முத்திரைக்கான 16 பைட்டையும் சேர்த்து, அத்தனை பைட்டுகளை இணைப்புக்கான ஸ்ட்ரக்ட்டின் (பல மாறிகளை அடுத்தடுத்து வைத்த தொகுப்பின்) முதல் உறுப்பான பஃபருக்குள் படிக்கிறோம். அந்தப் பஃபரின் அளவு 4,096. படிக்கும் ஃபங்ஷன் சுற்றுக்கு 1,024 பைட் வரை எடுத்து, கேட்ட அளவு சேரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் பிறகுதான் முத்திரை சரிபார்க்கப்பட்டு, பஃபருக்குள்ளேயே குறியாக்கம் நீக்கப்படுகிறது.

தணிக்கையாளர் காட்டியது குறியுடைய எண் பற்றியது மட்டுமே. இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்?


பழைய சி நிரலர்:

தணிக்கையாளர் சொன்னது சரி. குறியுடைய 16 பிட் எண்ணில் 32,768 முதல் 65,535 வரையிலான நீளங்கள் எல்லாம் எதிர்ம எண்களாகிவிடும். எதிர்ம எண் 4,096-ஐவிடப் பெரிதில்லை என்பதால் உங்கள் தடையைத் தாராளமாகக் கடந்துவிடும். 16-ஐக் கூட்டிய பின்பும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை எதிர்மமாகவே இருக்கும்; படிக்கும் ஃபங்ஷன் அதைக் குறியற்ற 64 பிட் எண்ணாக ஏற்கும்போது, அது எட்ட முடியாத ஒரு பெரிய எண்ணாகிவிடும். எதிர்முனை அனுப்புவதை நிறுத்தும்வரை, அல்லது நிரல் விழும்வரை, உங்கள் வளையம் எழுதிக்கொண்டே போகும்.

ஆனால் உங்கள் மூத்தவர்களின் வாதத்துக்குப் பதில் இதைவிட அடிப்படையான ஓரிடத்தில் இருக்கிறது. எது எப்போது நடக்கிறது என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நீளம் படிக்கப்படுகிறது, பஃபர் நிரப்பப்படுகிறது, அதன் பிறகுதான் முத்திரை பார்க்கப்படுகிறது. குறியாக்கம் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நினைவகத்தில் எழுதி முடித்தாகிவிட்டது. முன்பின் அறியாத ஒருவருடைய பேச்சைக் கேட்டுத்தான் அவர் யாரென்று தீர்மானிக்க முடியும் என்பதால், பாதுகாப்பான தொடர்புக்கென எழுதப்படும் எந்த நிரலிலும் அந்நியரின் பைட்டுகளைப் படிக்கும் ஒரு பகுதி இருந்தே தீரும். அந்தப் பகுதியில் கடவுச்சொல்லும் இல்லை, சான்றிதழும் இல்லை. பல சர்வர்களில் அது மிக உயர்ந்த அனுமதியுடன் இயங்குகிறது என்பது கூடுதல் கவலை.

இதற்கு, தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எஸ்எஸ்எச்சின் முதல் நெறிமுறை செய்தியின் முழுமையைச் சரிபார்க்க சிஆர்சி-32 என்ற எளிய பிழை காணும் கணக்கை நம்பியிருந்தது. 1998-இல் அதன் பலவீனம் கண்டறியப்பட்டு, குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்புக்குள் அந்நியச் செய்தியைச் செருக முடியும் என்று காட்டப்பட்டது. நெறிமுறையை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால், அத்தகைய தாக்குதல் நடக்கிறதா என்று பார்க்கும் ஒரு கண்டறிவானை நிரலுக்குள் சேர்த்தார்கள். வரும் பாக்கெட்டின் அளவுக்கு ஏற்ப அது ஒரு ஹாஷ் அட்டவணையை ஒதுக்கும். அட்டவணையின் அளவு 4,096-இல் தொடங்கி, போதவில்லை என்றால் நான்கு மடங்காக 16,384 ஆகவும், அதுவும் போதவில்லை என்றால் 65,536 ஆகவும் வளரும். கணக்குப் போட்டது 32 பிட் எண்ணில். விடையை வைத்தது 16 பிட் எண்ணில். 16 பிட்டுக்குள் 65,536 அடங்காது, சுழியமாகிவிடும். எனவே சுமார் 87,000 பைட்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பாக்கெட் வந்தால், நிரல் சுழிய அளவில் ஓர் அட்டவணையை ஒதுக்கிவிட்டு, பெரிய அட்டவணை இருப்பதாகவே எண்ணி அதில் எழுதத் தொடங்கும். 2001 பிப்ரவரியில் மிகாவ் ஜலெவ்ஸ்கி இதை வெளிக்கொண்டுவந்தார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும் முன்பே, வெளியிலிருந்து ரூட் அனுமதி (முழு நிர்வாக அனுமதி) வரை போக இது வழிவிட்டது. திருத்தமோ அந்த மாறியின் வகையை 16 பிட்டிலிருந்து 32 பிட்டாக மாற்றியது, அவ்வளவே. குறியாக்கத்தின் குறையை அடைக்க எழுதிய நிரலே வாசலைத் திறந்துவிட்டது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் முறை. டிஎல்எஸ்ஸின் முன்னோடியான எஸ்எஸ்எல் 2 நெறிமுறையில், கிளையன்ட் தன் முதன்மைத் திறவுகோலை அனுப்பும் செய்தியில் 'கீ ஆர்க்' என்று ஒரு பகுதி இருக்கும். அதை வைக்க ஒதுக்கியிருந்த இடம் 8 பைட். அதன் நீளத்தைச் சொல்வது கிளையன்ட். அந்த நீளம் 8-க்குள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 2002 ஜூலை 30 அன்று திருத்தம் வந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களில், திருத்தப்படாத அப்பாச்சி சர்வர்களை இதே ஓட்டையின் வழியாகத் தாக்கிய ஸ்லாப்பர் என்ற புழு பரவிவிட்டது. சான்றிதழ் முறையாக இருந்த, குறியாக்கம் முழுமையாக இயங்கிய சர்வர்கள்தான் அவை.


திறவுகோல்:

முந்தைய மறுமொழியில் சொன்னவை எல்லாம் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதைகள். இன்று கம்பைலர்களும் இயங்குதளங்களும் எவ்வளவோ மாறிவிட்டன. 2022 நவம்பர் 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.7 வெளியானதை நினைவில் கொள்ளுங்கள். சான்றிதழிலுள்ள மின்னஞ்சல் முகவரியின் பனிகோடை (பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளால் எழுதும் முறை) பிரிக்கும் ஃபங்ஷனில், 'பெரிதா' என்று கேட்ட இடத்தில் 'பெரிதா அல்லது சமமா' என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு குறியீட்டுப் பிழையால் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகத்தில்) 4 பைட்டுகள் வழிந்தன. மிகக் கடுமையானது என்று முதலில் அறிவிக்கப்பட்டு, பிறகு ஒரு படி கீழே இறக்கப்பட்டது. ஸ்டாக் பாதுகாப்புகள் இருப்பதும், சில இயங்குதளங்களில் அந்த 4 பைட்டுகள் பயனற்ற இடத்தில் விழுவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். சான்றிதழின் கையொப்பச் சங்கிலி சரிபார்க்கப்பட்ட பிறகுதான் அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும் என்பதும் ஒரு தணிவு. ஆக, உங்கள் மூத்தவர்கள் சொல்வதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. திருத்த வேண்டியதுதான், ஆனால் இரவோடு இரவாகச் செய்ய வேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.


பிழைதேடி:

திறவுகோல் அவர்கள் சொன்ன எடுத்துக்காட்டு சரியானதுதான். ஆனால் அங்கே தணிவுக்குக் காரணமாக இருந்தவை இங்கே இல்லை. அங்கே கையொப்பம் முதலில், பிரித்துப் படித்தல் பிறகு. இங்கே படித்தல் முதலில், சரிபார்ப்பு பிறகு. அங்கே வழிந்தது ஸ்டாக்கில்; இங்கே வழிவது, கேள்வி கேட்டவர் விவரித்ததை வைத்துப் பார்த்தால், இணைப்புக்கான ஸ்ட்ரக்ட்டுக்குள். அந்த ஸ்ட்ரக்ட் ஹீப்பில், அதாவது நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகத்தில், ஒதுக்கப்படுவதாகவே ஊகிக்கிறேன். ஸ்டாக் கேனரி ஸ்டாக்கில் மட்டுமே காவல் நிற்கும். ஹீப்பில் நடப்பதை அது பார்ப்பதே இல்லை.

ஸ்டாக்கிலேயே இருந்தாலும் ஒன்றைக் கேட்க வேண்டும்: உங்கள் சர்வர் ஒவ்வோர் இணைப்புக்கும் ஃபோர்க் செய்கிறதா, அதாவது தன் நகலாக ஒரு பிள்ளைச் செயல்முறையை உருவாக்குகிறதா? ஃபோர்க் செய்தால் பிள்ளைச் செயல்முறைகள் எல்லாவற்றிலும் கேனரியின் மதிப்பு ஒன்றாகவே இருக்கும், நினைவக முகவரிகளும் ஒன்றாகவே இருக்கும். 64 பிட் லினக்ஸில் கேனரியின் 8 பைட்டுகளில் ஒன்று எப்போதும் சுழியம். மீதி 7 பைட்டுகளை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்த்தால், பைட்டுக்கு 256 வீதம் அதிகபட்சம் 1,792 முயற்சிகள். பிள்ளைச் செயல்முறை விழுந்தால் ஊகம் தவறு, விழாவிட்டால் சரி. ஒரு சர்வருக்கு 1,792 இணைப்புகள் சில நிமிட வேலை. எஸ்எஸ்எச்சின் பரவலான நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் 2004-இல் வெளியான 3.9 பதிப்பிலிருந்து ஒவ்வோர் இணைப்புக்கும் தன்னையே புதிதாக இயக்கிக்கொள்வதால், இந்த ஊகத்துக்கு அங்கே இடம் இல்லை.

அடுத்து, 'சிதறிய எண்களாகத்தான் விழும்' என்ற வாதம். குறியாக்கம் இரண்டு முனைகளுக்கும் இடையே நிற்கும் மூன்றாமவரிடமிருந்து காக்கிறது. தாக்குபவர் இடையில் நிற்கவில்லை. அவரே ஒரு முனையாக வந்து உட்கார்ந்திருக்கிறார். திறவுகோல் பரிமாற்றத்தில் உங்கள் சர்வர் அவரோடு சேர்ந்துதான் தற்காலிகத் திறவுகோலை உருவாக்குகிறது. அந்தத் திறவுகோல் அவரிடமும் இருக்கிறது. அவர் அனுப்பும் செய்தியின் முத்திரை முறைப்படி சரியாகவே இருக்கும். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவருடைய தாக்குதல் குறியாக்கத்துக்குள் மறைந்து வருவதால், வழியிலுள்ள ஃபயர்வாலாலும் ஊடுருவல் கண்காணிப்பாலும் அதைப் படிக்க முடியாது.

கிளையன்ட் பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2014 மே மாத இறுதியில் ஜிஎன்யுடிஎல்எஸ் என்ற டிஎல்எஸ் நூலகத்தில் திருத்தப்பட்ட ஓட்டை, சர்வர் அனுப்பும் அமர்வு அடையாளத்தைப் பற்றியது. அதற்கு ஒதுக்கிய இடம் 32 பைட். நீளத்தைச் சொல்லும் புலம் ஒரு பைட் என்பதால் 255 வரை சொல்லலாம். அத்தனை பைட்டுகள் பாக்கெட்டில் உண்மையிலேயே வந்திருக்கின்றனவா என்று நிரல் சரிபார்த்தது. அவை தன்னுடைய 32 பைட் இடத்தில் கொள்ளுமா என்று சரிபார்க்கவில்லை. இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் 2019 மே மாதத்தில் திருத்திய ஓட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். செய்திகளின் முனைக்கு முனைக் குறியாக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. அழைப்பைக் கையாளும் பகுதிக்குத் தவறாக வடிவமைத்த பாக்கெட்டுகளை அனுப்பினால் பஃபர் வழிந்தது.

கருவிக்காப்பாளர் அவர்களே, பஃபருக்கு அடுத்தபடியாக அந்த ஸ்ட்ரக்ட்டில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று வரிசை மாறாமல் எழுத முடியுமா? குறியுடைய எண்ணைத் தவிர வேறொன்றும் அங்கே இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.


கருவிக்காப்பாளர்:

மறுமொழிகளுக்கு மிக்க நன்றி. ஸ்ட்ரக்ட் ஹீப்பில்தான் ஒதுக்கப்படுகிறது; ஒவ்வோர் இணைப்புக்கும் ஃபோர்க் செய்கிறோம். வரிசை இது: முதலில் 4,096 பைட் பஃபர். அடுத்து 'நிலை' என்ற 4 பைட் முழு எண். அதில் சுழியம் என்றால் புதிய இணைப்பு, 1 என்றால் திறவுகோல் பரிமாற்றம் முடிந்தது, 2 என்றால் கருவியின் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது. அதற்குப் பிறகு 4 பைட் எண்ணிக்கைகள் மூன்று. வந்தவை, அனுப்பியவை, பிழைகள். அதன் பிறகு சுட்டிகள் (நினைவக முகவரிகளை வைத்திருப்பவை). தரவை ஏற்கும் இடத்தில் 'நிலை 2 அல்லது அதற்கு மேல்' என்று பார்க்கிறோம். பின்னாளில் நிலைகள் கூடலாம் என்று அப்படி எழுதியிருக்கிறார்கள் போலும்.


பிழைதேடி:

நான் அஞ்சியது இதைத்தான். குறியுடைய எண்ணை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தியிருந்தால் இது அப்படியே இருந்திருக்கும்.

தடை கேட்பது 'நீளம் 4,096-ஐவிடப் பெரிதா' என்று. படிப்பதோ நீளத்துடன் இன்னும் 16 பைட். எனவே நீளம் சரியாக 4,096 என்று சொல்லும் ஒரு செய்தி, எந்த எதிர்ம எண்ணும் இல்லாமல், எல்லா விதிகளுக்கும் உட்பட்டே வந்து, பஃபருக்கு அப்பால் 16 பைட்டுகளை எழுதும். அந்த 16 பைட்டுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். முதல் 4 பைட் 'நிலை'யின் மீது. மீதி 12 பைட் மூன்று எண்ணிக்கைகளின் மீது. சுட்டிகளை அது தொடவே இல்லை என்பதால் நிரல் விழாது. எந்தப் பதிவேட்டிலும் பிழை ஏறாது.

உங்கள் மூத்தவர்கள் சொன்னது இந்த இடத்தில் பாதி உண்மை. வழியும் அந்த 16 பைட்டுகள் ஜிசிஎம் முத்திரை. அவை சிதறிய எண்களாகவே இருக்கும். தாக்குபவர் 'நிலை'யில் நேராக 2 என்று எழுத முடியாது. ஆனால் அவருக்கு 2 தேவையே இல்லை. '2 அல்லது அதற்கு மேல்' போதும். சிதறிய ஒரு 32 பிட் எண், குறியுடைய முழு எண்ணாகப் படிக்கப்படும்போது, ஏறத்தாழ பாதி வாய்ப்பில் நேர்ம எண்ணாக இருக்கும். நேர்ம எண்கள் அனைத்தும், சுழியத்தையும் ஒன்றையும் தவிர, 2 அல்லது அதற்கு மேல்தான். தற்காலிகத் திறவுகோல் தம்மிடம் இருப்பதால், எந்தச் செய்திக்கு எந்த முத்திரை வரும் என்று அனுப்பும் முன்பே அவரால் கணக்கிட்டுப் பார்க்க முடியும். முதலாவது சரிப்படவில்லை என்றால் செய்தியில் ஒரு பைட்டை மாற்றி மறுபடி கணக்கிடுவார். பிறகு அனுப்புவார். முத்திரை சரியானது, சரிபார்ப்பு தேறும், 'நிலை' பெரிய எண்ணாக மாறியிருக்கும், சான்றிதழ் எதையும் காட்டாமல் அவர் உங்கள் கருவிகளில் ஒன்றாகிவிடுவார்.

இதில் ஏஎஸ்எல்ஆர் தடுக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் எந்த முகவரியையும் அவர் தேடவில்லை. கேனரி தடுக்க ஒன்றுமில்லை. நிரலுக்குள் அந்நிய நிரல் எதுவும் ஓடவில்லை என்பதால் இயக்கத் தடையுள்ள நினைவகமும் உதவாது.


திறவுகோல்:

நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதை உடனே திருத்துங்கள். திருத்தும்வரை அந்தப் போர்ட்டை அறிந்த முகவரிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

ஒரு சந்தேகம். ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீடுகளால் சோதித்தல்) செய்திருந்தால், நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டியிருந்தால், இந்த இரண்டாவது பிழை தானாகவே சிக்கியிருக்கும் அல்லவா?


பிழைதேடி:

சிக்கியிருக்காது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. குறியாக்க நிரல்களைச் சோதிக்கும் எவரும் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

ஃபஸ்ஸர் பைட்டுகளைத் தாறுமாறாக மாற்றி அனுப்பும். மாற்றிய செய்தி எதுவும் முத்திரைச் சரிபார்ப்பைத் தாண்டாது. வழிதல் அதற்கு முன்பே நடந்தாலும், 'நிலை' மாறியதன் விளைவு தெரிவது அதற்குப் பின்னால்தான். எனவே ஃபஸ்ஸர் பல நாட்கள் ஓடினாலும், சரிபார்ப்புக்குப் பின்னாலுள்ள நிரலை அது எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அறிக்கையோ பிழை எதுவும் இல்லை என்று சொல்லும். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவை ஃபஸ்ஸிங்குக்கென்று தனியாகக் கம்பைல் செய்து, அந்தக் கட்டமைப்பில் மட்டும் சில சரிபார்ப்புகளைத் தளர்த்துகின்றன. நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் தளர்த்திய அந்தக் கட்டமைப்பு எக்காரணத்தைக் கொண்டும் வெளியீட்டுக்குள் நுழையாதபடி பில்டிலேயே தடை போட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. அட்ரஸ் சானிடைசர் ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு நினைவகத் துண்டையும் சுற்றி வேலி போடும். பஃபரும் 'நிலை'யும் ஒரே ஸ்ட்ரக்ட்டில், ஒரே ஒதுக்கீட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே அது வேலி போடுவதில்லை. ஒரே வீட்டின் அறைக்கு அறை நடப்பதை வெளிச்சுவர்க் காவலாளி கேட்பதில்லை. பஃபரைத் தனியாக ஒதுக்கி, ஸ்ட்ரக்ட்டில் அதற்கான சுட்டியை மட்டும் வையுங்கள். அப்போது ஒரு பைட் வழிந்தாலும் சானிடைசர் கத்தும்.

2014 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டையிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் விடுவித்த நினைவகத்தை இயங்குதளத்திடம் திருப்பித் தராமல், தன்னுடைய சொந்தப் பட்டியலில் வைத்து மறுபடி பயன்படுத்திக்கொண்டது. இயங்குதளத்தின் நினைவகப் பாதுகாப்புகள் தவறைப் பிடிக்கும் வாய்ப்பை அது குறைத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிழை வெளியே தெரியாமல் இருந்தது.


பழைய சி நிரலர்:

ஹார்ட்பிளீட் பேச்சு வந்ததால் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். பலரும் அதையும் ஓவர்ஃப்ளோ என்றே எழுதுகிறார்கள். அது எல்லைக்கு அப்பால் படித்தது, எழுதவில்லை. கிளையன்ட் ஒரு பைட்டை அனுப்பிவிட்டு, 65,535 பைட் அனுப்பியதாக 2 பைட் நீளப் புலத்தில் சொல்லும். சர்வர் அதை நம்பி, அந்த ஒரு பைட்டோடு அருகிலிருந்த நினைவகத்தையும் சேர்த்து நகலெடுத்துத் திருப்பி அனுப்பும். திருத்தம் ஒரே கேள்விதான்: வகைக்கு 1, நீளத்துக்கு 2, சொல்லப்பட்ட நீளம், நிரப்பலுக்கு 16, இவற்றின் கூட்டுத்தொகை உண்மையில் வந்த பதிவைவிடப் பெரிதாக இருந்தால் பேசாமல் விட்டுவிடு.

படிப்பது எழுதுவதைவிடச் சாதுவானது என்று எண்ண வேண்டாம். நான் முதலில் சொன்ன ஸ்லாப்பர் புழு இரண்டையும் இணைத்தது. முதல் இணைப்பில் சிறிதளவு வழியவிட்டு, அமர்வு அடையாளத்தின் நீளத்தை மட்டும் பெரிதாக்கும். சர்வர் அந்த நீளத்தை நம்பித் தன் நினைவகத்தையே பதிலில் அனுப்பிவைக்கும். அதில் கிடைத்த முகவரியைக் கொண்டு இரண்டாவது இணைப்பில் உண்மையான தாக்குதலை நடத்தும். முகவரிகளை மாற்றி மாற்றி வைப்பதுதான் ஏஎஸ்எல்ஆர் தரும் பாதுகாப்பு. முகவரியைச் சர்வரே சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. பிழையே இல்லாத நிரலை உங்களால் எழுத முடியும் என்று நம்பி வடிவமைக்காதீர்கள், என்னாலும் முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எச் குழு 2002-இல் நீல்ஸ் புரோவோஸின் உழைப்பால் அனுமதிப் பிரிப்பைக் கொண்டுவந்தது. அந்நியரின் பைட்டுகளைப் பிரித்துப் படிப்பவர் எந்த அனுமதியும் இல்லாத ஒரு தனிச் செயல்முறை. வெற்றுக் கோப்புறை ஒன்றுக்குள் அது அடைக்கப்பட்டிருக்கும். ரூட் அனுமதியுள்ள இன்னொரு செயல்முறை அதனிடமிருந்து குறிப்பிட்ட சில கேள்விகளை மட்டுமே ஏற்கும். 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பில், உள்நுழைவுக்கு முந்தைய பகுதியைத் தனி நிரலாகவே பிரித்துவிட்டார்கள். நீங்கள் ஏற்கனவே ஃபோர்க் செய்வதால், திறவுகோல் பரிமாற்றத்தையும் சான்றிதழ்ச் சரிபார்ப்பையும் ஒரு தனிச் செயல்முறைக்கு நகர்த்துவது எட்டாத வேலையாக இருக்காது. 'நிலை' என்ற எண் தாய்ச் செயல்முறையின் நினைவகத்தில் இருந்திருந்தால், இந்த 16 பைட்டுகளால் அதைத் தொட்டிருக்கவே முடியாது.

முடிந்தால் சொந்த நெறிமுறையையே கைவிட்டு, பலர் கண்ணில் பட்டுத் தேறிய ஒரு டிஎல்எஸ் நூலகத்துக்கு மாறுங்கள். அத்தகைய நூலகங்களிலும் ஓட்டை வரும். 2021 ஜனவரியில் லிப்ஜிகிரிப்ட் என்ற குறியாக்க நூலகத்தின் 1.9.0 பதிப்பு வெளிவந்த சில நாட்களிலேயே, எந்த முத்திரையும் சரிபார்க்கப்படும் முன் ஹீப் வழிவதை டேவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்தார். ஆனால் ஜனவரி 19-இல் வெளியானது 29-க்குள் திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் நிரலிலுள்ள பிழை எத்தனை ஆண்டுகள் இருந்தது?


கருவிக்காப்பாளர்:

ஒன்பது ஆண்டுகள். களஞ்சியத்தின் முதல் பதிவிலேயே அந்த 16 இருக்கிறது.

நேற்று மூத்தவர்கள் இருவரையும் உட்கார வைத்து, பிழைதேடி அவர்கள் சொன்னபடியே ஒரு சோதனைக் கிளையன்டை எழுதி ஓட்டிக் காட்டினேன். முத்திரையின் முதல் 4 பைட் நேர்ம எண்ணாக அமையும்வரை செய்தியை மாற்றிக் கணக்கிட வைத்தேன். மூன்றாவது கணக்கீட்டிலேயே அமைந்துவிட்டது. சான்றிதழ் எதையும் காட்டாமல் சர்வர் எங்கள் தரவை ஏற்றுக்கொண்டதைத் திரையில் பார்த்த பிறகு யாரும் விவாதிக்கவில்லை.

செய்த மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். நீளம் எல்லா இடங்களிலும் குறியற்ற எண்ணாகிவிட்டது. தலைப்பு, முத்திரை, செய்தி மூன்றையும் சேர்த்த மொத்த அளவைப் பஃபரின் அளவோடு ஒப்பிடும் ஒரே ஃபங்ஷனை எழுதி, படிக்கும் இடங்கள் அனைத்தும் அதன் வழியாகவே போகும்படி செய்தோம். பஃபரைத் தனியாக ஒதுக்கினோம். 'நிலை' இனிச் சரியாக 2-க்குச் சமமா என்றே கேட்கப்படும். மாற்றத்துக்குப் பிறகு முத்திரைச் சரிபார்ப்பைத் தளர்த்திய கட்டமைப்பில் ஃபஸ்ஸரை ஓட்டியபோது, அட்ரஸ் சானிடைசர் சான்றிதழைப் பிரிக்கும் பகுதியில் இன்னொரு பிழையையும் காட்டியது. அங்கேயும் உள்ளே சொல்லப்பட்ட நீளத்தை நம்பி, எல்லைக்கு அப்பால் 2 பைட் படித்திருக்கிறோம். அதுவும் திருத்தப்பட்டது. அனுமதிப் பிரிப்புக்கான வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. யாராவது இதை முன்பே பயன்படுத்தியிருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?


பிழைதேடி:

நீங்கள் செய்த சோதனையே தடயத்தையும் சொல்லும். சான்றிதழ் படிக்கப்படாமலேயே தரவு ஏற்கப்பட்டதால், அந்தப் பதிவுகளில் கருவியின் அடையாளம் காலியாக இருக்க வேண்டும். 'வந்தவை' என்ற எண்ணிக்கையும் திடீரென்று பொருந்தாத ஓர் எண்ணுக்குத் தாவியிருக்கும். இந்த இரண்டையும் பழைய பதிவேடுகளில் தேடுங்கள். எதிர்ம நீளப் பிழையைப் பயன்படுத்தியிருந்தால், பிள்ளைச் செயல்முறைகள் அடுத்தடுத்து விழுந்ததற்கான வரிகள் இயங்குதளப் பதிவேட்டில் குவிந்திருக்கலாம்.


கருவிக்காப்பாளர்:

தேடிவிட்டோம். கையிலுள்ள 90 நாள் பதிவேடுகளில் அடையாளம் காலியான பதிவு ஒன்றும் இல்லை. விழுந்த செயல்முறைகளும் வழக்கத்துக்கு மாறாக இல்லை. அதற்கு முந்தைய பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன. எட்டே முக்கால் ஆண்டுகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதால், சர்வரின் தனித் திறவுகோலை மாற்றிவிட்டு, கருவிகளின் சான்றிதழ்களையும் தொகுதி தொகுதியாகப் புதுப்பிக்க முடிவு செய்திருக்கிறோம். முதல் தொகுதி திங்கட்கிழமை.